ஒரு சங்கிலி குறைவு

என் அப்பா இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவரைப் புகழ ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள். நில அளவை அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அஞ்சலிக் கூட்டம் என்று சுற்றறிக்கை வந்தது. அதில் அவர் பெயருக்குக் கீழே ‘இயற்கையை நேசித்த மாமனிதர்’ என்று அச்சடித்திருந்தார்கள். படித்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மரத்தையும் குருவியையும் நேசித்தால் மாமனிதராம். பெண்டாட்டி பிள்ளையை நேசிக்கிறவனுக்கு என்ன பட்டம் கொடுப்பீர்கள் என்று கேட்டால் ஒருவனும் பதில் சொல்ல மாட்டான்.

நானும் அதே அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். சர்வேயர்கள் வெளியே போய் அளந்து, அளவுகளைப் புத்தகத்தில் எழுதி அனுப்புவார்கள். அதை வைத்து உள்ளே உட்கார்ந்து வரைபடம் போடுவது என் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே மேசை, அதே விளக்கு. அதில் முதல் பதினைந்து வருஷம் அப்பா அளந்ததைத்தான் வரைந்தேன். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்தப் புத்தகங்கள் வழியாகத்தான். அவர் முகத்தைவிட அவர் எழுதும் ஏழு எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்குள் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மாதத்தில் இருபத்தைந்து நாள் முகாம். மீதி ஐந்து நாளும் பின்வாசல் படியில் வெளியே பார்த்து உட்கார்ந்திருப்பார். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கேயே சாப்பிடுவார். மழை வந்தால் அம்மா ஜன்னலைச் சாத்துவாள், அவர் பின்னாலேயே போய்த் திறப்பார், படுக்கை நனைந்துபோகும். “உங்கப்பாவுக்குக் கூரைன்னாலே ஆகாதுடி” என்று அம்மா சிரிப்பாள். அவளுக்கு அதைச் சிரித்துக்கொண்டே தாண்டத் தெரிந்திருந்தது. எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை. என் பள்ளிக்கூடத்து விழா ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. ஆனால் நான் பரிசு வாங்கிய அன்றைக்கு எந்த மலையில் எந்த மரம் பூத்திருந்தது என்று கேட்டால் தேதி பிசகாமல் சொல்லுவார்.

எங்கள் மேலதிகாரிக்கு ‘ஆகட்டும்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைக் கேட்டாலும் “ஆகட்டும், பார்க்கலாம்” என்பார். பார்க்க மாட்டார். வியாழக்கிழமை அவர் என் மேசைக்கே நடந்து வந்தார்.

“மேடம், அப்பாவோட அளவுப் புத்தகங்கள்ல ஓரமெல்லாம் குருவி, மரம்னு குறிப்பு இருக்குமாமே? நாலஞ்சு எடுத்துக் குடுங்க, மேசையில பரப்பி வைப்போம். அவர் கடைசியா எழுதின புத்தகம் கட்டாயம் வேணும். பார்க்கிறவங்க மனசு உருகிடும்.”

“யாருக்கு சார் உருகும்?”

“எல்லாருக்கும்தான். அப்புறம், நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும்.”

“நான் பேசினா நல்லா இருக்காது.”

“துக்கம் இருக்கத்தானே செய்யும். ஆகட்டும், பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். துக்கமாம். என் மூஞ்சியில் அவர் அதை எங்கே பார்த்தாரோ.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் அலுவலகத்துக்கு ஒருத்தி வருவாள். நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் அம்மாள், அறுபது வயது இருக்கும், நகக்கண்ணில் எப்போதும் மண். அவளுடைய பண்ணைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தை மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கிடங்குக்காரர் வாங்கினார். வாங்கியவர் எங்கள் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பண்ணையின் கடைசி முப்பது மீட்டர் தன்னுடையது என்றார். பண்ணைக்கு இருக்கும் ஒரே கிணறு அந்த முப்பது மீட்டருக்குள்தான் இருக்கிறது. கிணறு போனால் பண்ணை போச்சு. அவள் மனு மேல் மனு போட்டாள். ஒவ்வொரு மனுவும் என் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொன்றிலும் நான் ‘வரைபடம் சரியாக உள்ளது’ என்று எழுதித் திருப்பினேன். கடைசியில் கிடங்குக்காரர் எங்கள் அலுவலகத்திலிருந்தே உத்தரவு வாங்கிவிட்டார். வரும் திங்கட்கிழமை கிணற்றில் மண்ணைக் கொட்டி மூடப்போகிறார்கள்.

அவள் வாயில் விழுவது எப்போதும் என் அப்பாதான். வரைபடத்தின் அடியில் ‘அளந்தவர்’ என்று அவர் பெயர் முழுசாக இருக்கும். ‘வரைந்தவர்’ என்பதற்கு நேரே மூலையில் என் பெயருக்கு இரண்டெழுத்து, அவ்வளவுதான்.

“பொய்யன்! பச்சைப் பொய்யன்! என் மூஞ்சிக்கு நேரா ஒண்ணு சொல்லிட்டுப் படத்துல வேற ஒண்ணைப் போட்டுட்டுப் போயிட்டான். அவன் விலாசத்தைக் குடுங்க, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்” என்று கவுன்ட்டர் அதிரக் கத்துவாள்.

ஓய்வு பெற்றவர்களின் முகவரி அலுவலகத்தில் இல்லை என்று நான் எழுத்துமூலம் பதில் கொடுத்தேன். முகவரி என் கைப்பையில் இருந்தது. நான் அவருடைய மகள் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் வாயாரத் திட்டும்போது எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும். எனக்காக வேறு யாரோ வந்து சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

அந்த வரைபடம் தப்பு. அது எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் தூரத்தை முப்பது மீட்டர் இரும்புச் சங்கிலி பிடித்துத்தான் அளப்பார்கள். சங்கிலி முடிகிற இடத்தில் முன்னால் போகிறவர் ஓர் ஊசியைத் தரையில் குத்துவார். ஊசி என்றால் தையல் ஊசி இல்லை, முழங்கை நீள இரும்புக் கம்பி, தலையில் வளையம் இருக்கும். பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொண்டே வருவார். கடைசியில் அவர் கையில் எத்தனை ஊசி இருக்கிறதோ அத்தனை சங்கிலி. ஒரு கட்டுக்குப் பத்து ஊசி. பிடுங்காமல் ஒன்றை விட்டுவிட்டால் எண்ணிக்கையில் முப்பது மீட்டர் காணாமல் போய்விடும். நிலம் பாவம், அது பாட்டுக்கு அங்கேயேதான் கிடக்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்தப் பண்ணைப் பகுதியை அப்பா அளந்தார். அவருக்கு அதுதான் கடைசி முகாம், மாதக் கடைசியில் ஓய்வு. அதே சமயம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்து, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். “அவர் வந்துடுவார் இல்ல?” என்று அம்மா நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள். சனிக்கிழமை முகாமிலிருந்து அளவுப் புத்தகங்கள் வந்தன. உட்கார்ந்து வரைந்தேன். ஓர் இடத்தில் தொடங்கிச் சுற்றி அளந்து வந்தால், கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து சேர வேண்டும். சேரவில்லை. மிகச் சரியாக ஒரு சங்கிலி குறைந்தது. கொஞ்சநஞ்சம் என்றால் தாளிலேயே சரிக்கட்ட எங்களுக்கு அனுமதி உண்டு. ஒரு சங்கிலி குறைந்தால் ‘மறு அளவை’ என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் முகாம் இன்னும் பத்து நாள் நீளும்.

நான் அனுப்பவில்லை. தாளில் பின்பக்கத்து எல்லைக் கல்லை முப்பது மீட்டர் உள்ளே தள்ளிக் கோட்டைச் சேர்த்துவிட்டேன். ‘சேர்ந்துவிட்டது, முகாமைக் கலைக்கலாம்’ என்று சீட்டு எழுதி ஜீப்பில் கொடுத்தனுப்பினேன். அது யார் நிலம், அங்கே கிணறு இருக்கிறதா குட்டை இருக்கிறதா, எதையும் நான் யோசிக்கவில்லை. அந்த மனுஷனை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும், அது ஒன்றுதான் புத்தியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. கூடாரம் இறங்கியது, பாத்திரம் பண்டம் இறங்கியது, சங்கிலிக்காரர் இறங்கினார். அப்பா இறங்கவில்லை. சங்கிலிக்காரர் நான் குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அப்பாவோடு இருந்தவர்.

“அய்யா ரெண்டு மூணு நாள் கழிச்சு வரேன்னாரு பாப்பா” என்றார்.

“எதுக்கு?”

“தெரியலையே. புல்லுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு எதையோ பார்த்துக்கிட்டுத் திரியறாரு. என்னன்னு கேட்டா, நீ கிளம்புன்னுட்டாரு.”

ஏதோ குருவிக் கூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரை அறிந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோதுகூட அவள் தலையைத் திருப்பி நடைவழியைப் பார்த்தாள். புதன்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள். அப்பா வந்தது வியாழக்கிழமை. முழங்கால்வரை சேறு. “வேலை பாக்கி இருந்துச்சும்மா” என்றார். நான் அவரை என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அதோடு பேச்சை நிறுத்தினேன். மாதக் கடைசியில் ஒரு தடவை ஃபோன் செய்தார். “நான் அனுப்பின புத்தகத்தைப் பார்த்தியாம்மா?” என்றார். “பார்த்தாச்சு” என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் அவர் எங்கேயோ ஒரு காட்டோரத்தில் அறை எடுத்துத் தங்கினார். பதினோரு வருஷம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்து, அங்கேயே செத்தார்.

பண்ணை அம்மாளின் முதல் மனு வந்தபோதாவது நான் வரைபடத்தைத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் தப்பு என் தலையில் விழும். திருத்தாவிட்டால் அவர் பெயரில் கிடக்கும். கிடக்கட்டும் என்று விட்டேன். அதுதான் உண்மை, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆவண அறைக்குப் போனேன். அலமாரியில் அவருடைய புத்தகங்கள் மட்டும் இரண்டு தட்டு. நாலைந்தைப் பிரித்தேன். ‘காலை மூடுபனி. கல் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம், மிக நன்று.’ ‘இந்த ஆலமரத்தை எல்லைக் குறியாக வைக்க வேண்டாம், வெட்டிவிடுவார்கள்.’ ‘கரிச்சான் குருவி இரண்டு, ஒன்று கோபக்காரி.’ ஒரு பக்கத்தில் இலை ஒட்டியிருந்தது. நான் காய்ச்சலில் கிடந்த வருஷத்துப் புத்தகம் அது. தேதியைத் தேடிப் பார்த்தேன். அன்றைக்கு அவர் நரியின் காலடித் தடத்தை அளந்து எழுதியிருக்கிறார். மகளின் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எந்த ஓரத்திலும் இல்லை.

கடைசிப் புத்தகம் மேல் தட்டில் இருந்தது. மெல்லிசான புத்தகம், பழுப்புத் தாளில் பொதிந்து நூலால் கட்டியிருந்தது. மேலே ‘வரைவாளர் கவனத்திற்கு’ என்று அவர் கையெழுத்து. அம்மா போன அடுத்த வாரம் அது தபாலில் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்க மனம் வராமல், பதிவேட்டில் ‘பெறப்பட்டது’ என்று எழுதி மேலே தூக்கிப் போட்டிருந்தேன். முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. கத்தரியால் வெட்டினேன்.

உள்ளே எழுதியிருந்தது மூன்றே பக்கம்.

‘மறு அளவை. திங்கள், செவ்வாய். ஞாயிறு அன்று சாமான் கட்டும்போது ஊசிகளை எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தன. பத்தாவது ஊசி திங்கள் மாலை கிடைத்தது, நாற்றுப் பண்ணைக் கிணற்றிலிருந்து ஆறு மீட்டரில் புல்லுக்குள் நின்றது. முந்தைய புத்தகம் பக்கம் 41இல் ஏழு சங்கிலி என்பது தவறு. எட்டு என்று திருத்துக. எல்லை கிணற்றுக்கு அப்பால். முதல் அளவின்போது கிணற்றுச் சுவரில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஊசி எடுத்ததா என்று கவனிக்கவில்லை. பிழை என்னுடையது, சங்கிலிக்காரருடையது அல்ல.’

அதற்குக் கீழே ஒரு வரி. ‘சேர்ந்துவிட்டது என்று சீட்டு வந்தது. சேர்ந்திருக்க வழியில்லை. வரைவாளர் தயவுசெய்து மறுபடி பார்க்கவும்.’

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கள்ளத்தனம் பண்ணியது சீட்டைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. ‘பார்த்தாச்சு’ என்று நான் சொன்னதை நம்பி, திருத்தியிருப்பாள் என்று நிம்மதியாகப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மகளுக்கு எழுதுகிறவன் ‘வரைவாளர்’ என்றா எழுதுவான்? ‘அம்மாவைப் பார்க்க வர முடியவில்லை, காரணம் இது’ என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அம்மா நடைவழியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நேரத்தில் இவர் எவளோ ஒருத்தியின் கிணற்றை அவளுக்கே திருப்பி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கிணற்றை மூன்று வருஷமாக மனு மனுவாகக் கையெழுத்துப் போட்டு நான் இன்னொருத்தனுக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மா காத்துக் கிடந்தது எதற்கும் பிரயோஜனமில்லாமல் போனது என்னால்தான்.

மூன்று மணிக்கு வரைவுக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். முன்னால் அவர் ஃபோட்டோ. ஏதோ மலைமேல் எடுத்தது, வாயெல்லாம் பல். வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. ஆகட்டும் மைக்கைப் பிடித்து, “வானமே அவருக்குக் கூரை, மலையே அவருக்குச் சுவர்” என்று ஆரம்பித்தார். அந்தக் கூரைக்குக் கீழே எங்களுக்கு இடமில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. புத்தகத்தை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்து சங்கிலிக்காரர் எழுந்தார். தள்ளாத வயசு. “இருபத்தெட்டு வருஷம் அவர் பின்னாடி சங்கிலி இழுத்தேன். ஒரு நாள், ஒரு நாள்கூட நீ தப்பு பண்ணிட்டன்னு என்னைச் சொன்னதில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. கவுன்ட்டர் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, மைக் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பண்ணை அம்மாள் மாடிக்கே வந்துவிட்டாள்.

“ஆபீஸைப் பூட்டிட்டு இங்க என்ன கூட்டம்?” என்றவள் ஃபோட்டோவைப் பார்த்தாள். “செத்துட்டானா?”

“அம்மா, இது அஞ்சலி நிகழ்ச்சி. நீங்க திங்கட்கிழமை வாங்க” என்றார் ஆகட்டும்.

“திங்கட்கிழமை என் கிணத்துல மண்ணு விழும். அதுக்கப்புறம் வந்து உங்களைப் பார்த்து நான் என்ன பண்ண? செத்துட்டா நல்லவனாயிடுவானா? ஒரு பொய்யனுக்கு இத்தனை நாற்காலியா?”

இரண்டு பேர் அவளைப் பிடித்து வெளியே கூட்டிப்போக எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

“அவங்க இருக்கட்டும் சார். நான் பேசணும்னு சொன்னீங்களே, பேசறேன்.”

மைக் முன்னால் போய் நின்று புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை அப்படியே வாசித்தேன். ஒன்பது ஊசி என்றபோது சங்கிலிக்காரர் நிமிர்ந்தார். மீன்கொத்தி வந்ததும் முன்வரிசையில் சிலர், அவர்தானே, அப்படித்தான் இருப்பார் என்று தலையாட்டிச் சிரித்தார்கள். பிழை என்னுடையது என்பதை வாசித்தபோது சங்கிலிக்காரர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“இந்தப் புத்தகம் பதினோரு வருஷமா மேல் தட்டுல கட்டுப் பிரிக்காமக் கிடந்துச்சு. போட்டது நான். அவர் அளந்தது சரி. படம்தான் தப்பு. படத்தை வரைஞ்சது நான். ஒரு சங்கிலி குறையுதுன்னு தெரிஞ்சேதான் வரைஞ்சேன். மனு வந்தப்பெல்லாம் சரியா இருக்குன்னு எழுதினதும் நான்தான்.”

ஆகட்டும் ஓடி வந்து மைக்கைக் கையால் மூடினார்.

“மேடம், நீங்க துக்கத்துல என்னவோ பேசறீங்க.”

“துக்கமெல்லாம் இல்ல சார். எழுதியே தரேன்.”

“எதுக்காக அப்படிப் பண்ணீங்க?”

“அவர் சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு.”

அவருக்கு அது விளங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “உங்க வேலை போயிடும், தெரியுமில்ல? இன்னைக்குப் போய் இதையெல்லாம், அதுவும் அப்பா படத்துக்கு முன்னாடி... ஆகட்டும், திங்கட்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம்” என்றார்.

“ஆகட்டும் வேண்டாம் சார். இப்பவே.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமினார்கள். நான் அங்கேயே, என் மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். வரைபடத்தில் பிழை வரைவாளருடையது. முந்தைய உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது. மறு அளவை முடியும்வரை கிணற்றையும் அதைச் சுற்றிய நிலத்தையும் யாரும் தொடக்கூடாது. என் கையெழுத்தை இந்தத் தடவை முழுசாகப் போட்டேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆகட்டும் சாருக்கு வேறு வழியில்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரையை மேசை அதிரக் குத்தினார். ஒரு நகல் அப்போதே கிடங்குக்காரருக்குப் போனது.

பண்ணை அம்மாள் கடிதத்தை வாங்கிக்கொண்டு நடைவழிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று எழுத்து எழுத்தாகப் படித்தாள், முத்திரையை விரலால் தடவி மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு நீதானா?” என்றாள் நிமிராமல்.

“எந்தப் பொண்ணு?”

“அன்னைக்கு ஆளில்லாம ஒத்தையா நின்னாரு. சங்கிலியோட இன்னொரு முனையை நான்தான் பிடிச்சேன். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் பிடிச்சேன். கிணறு உங்களோடதுதாம்மா, இதைப் படத்துல போடப்போறது என் பொண்ணு, அவ கை தப்பாது, நீங்க நிம்மதியா இருங்கன்னாரு. அவ்வளவு பெருமையா சொன்னாரு. அதான் கேட்டேன்.”

“நான்தான்.”

“மூணு வருஷம் உன் எதிர்லேயே நின்னு அவரைத் திட்டியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லல நீ.”

“சொல்லல.”

“ஏன்?”

“கேட்க நல்லா இருந்துச்சு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்தில் அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“மன்னிச்சுக்கங்கன்னு மட்டும் என்கிட்ட வந்துடாத” என்றாள்.

“வரமாட்டேன்.”

கடிதத்தை இரண்டாக மடிக்கப் போனவள் ஏதோ நினைவு வந்து நின்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “அன்னைக்கு வீட்டுல சம்சாரத்துக்கு ஆபரேஷன்னு சொன்னாரே. உங்க அம்மாதானே? அதுக்கப்புறம் நல்லா இருக்காங்களா?”

“மறுநாள் விடியறதுக்குள்ள போயிட்டாங்க. இவர் வந்து சேர்ந்தது வியாழக்கிழமை.”

அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். கடிதம் இன்னொரு கையில் பாதி மடிந்தபடியே இருந்தது.

“நான் போகச் சொன்னேன்” என்றாள். “கிணறு எங்க ஓடிப்போகுது, நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க சார்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.”

நீங்கள் என்ன செய்வீர்கள், அது உங்கள் தப்பு இல்லை என்று நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.